வெயிலும் வேண்டும், மனசுக்கும் ஒத்துவர வேண்டும்: மகளுக்குக் காலேஜ் தேடிய அனுபவம்

காலேஜ் தேர்வுக்கு வானிலையை ஒரு காரணமாகச் சொன்னால் நம் ஆட்கள் சிரிக்கிறார்கள். என் மகள் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது "எந்த ஊரா இருந்தாலும் சரி, வெயில் அடிக்கிற ஊரா இருக்கணும்" என்றாள். டெக்சாஸில் இருக்கும் அவளுடைய பெரியப்பா ஃபோனிலேயே கேட்டுவிட்டார், "ஏம்மா, படிக்கப் போறியா, வெயில் காயப் போறியா?" என்று. நான் மகள் பக்கம்தான். நாங்கள் இருப்பது மினசோட்டாவில். நவம்பர் பிறந்தால் அவள் முகம் வாடிவிடும், பள்ளி விட்டு வந்ததும் படுத்துக்கொள்வாள், மார்ச்சில்தான் பழைய பிள்ளையாக எழுந்து வருவாள். அப்படிப்பட்ட பெண் நான்கு வருடம் எந்த ஊரில் இருக்கப்போகிறாள் என்பது அற்ப விஷயமா என்ன?

ஆனால் 'வெயில்' என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு தேட முடியாது, அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய டாக்டரிடம் பேசியபோதுதான் புரிந்தது. இவளுக்கு வருவது போன்ற குளிர்காலச் சோர்வுக்குக் குளிர் அவ்வளவு காரணமில்லை, வெளிச்சம் குறைவதுதான் காரணம் என்றார் அவர். டிசம்பர் 21 அன்று எங்கள் மாநிலத்து மினியாபொலிஸில் பகல் 8 மணி 46 நிமிடம்தான். அதே நாளில் சான் டியாகோவில் ஏறக்குறைய 10 மணி நேரம். இதைக் கேட்டதும் சியாட்டில் பட்டியலிலிருந்து போனது. அங்கே நம் ஊர் அளவுக்குக் குளிர் கிடையாது, உண்மைதான். ஆனால் மினியாபொலிஸைவிட வடக்கே இருக்கிறது, போதாததற்குக் குளிர்காலம் முழுக்க மேகமூட்டம் வேறு.

மாநிலத்தின் பெயரைப் பார்த்து ஏமாறவும் கூடாது. அரிசோனா என்றால் பாலைவனம் என்று நினைத்துக்கொள்கிறோம். ஃபிளாக்ஸ்டாஃபில் இருக்கும் நார்தர்ன் அரிசோனா யுனிவர்சிட்டி சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது, அங்கே பனியைத் தள்ளிக்கொண்டு வகுப்புக்குப் போக வேண்டும். கலிஃபோர்னியாவும் அப்படித்தான். மகள் கொஞ்ச நாள் டீப் ஸ்பிரிங்ஸ் காலேஜ் மீது பைத்தியமாக இருந்தாள். 1917-இல் தொடங்கிய மிகச் சிறிய காலேஜ், மாணவர்களே நிர்வாகத்தில் பங்கெடுப்பார்கள், பண்ணையில் வேலை செய்வார்கள், கல்விக் கட்டணம் கிடையாது, 2018 முதல் பெண்களையும் சேர்க்கிறார்கள். கொள்கை அளவில் இவளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. ஆனால் அது மலைகளுக்கு நடுவே உயரமான பாலைவனத்தில் இருக்கிறது, குளிர்கால இரவுகள் உறைநிலைக்குக் கீழே போகும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். அந்தப் பண்ணை மாட்டுப் பண்ணை, இவள் சுத்த சைவம். அத்தோடு அந்தக் காதல் முடிந்தது.

அப்புறம் வெப்பம். 2023-இல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாட்கள் 110 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் குறையாமல் அடித்தது செய்தியாக வந்தபோது என் கணவர் அந்தப் பக்கம் இருக்கும் அரிசோனா ஸ்டேட் யுனிவர்சிட்டியைப் பட்டியலிலிருந்து அடிக்கப் பேனாவை எடுத்துவிட்டார். அந்த 31 நாளும் ஜூன் கடைசியிலிருந்து ஜூலைக் கடைசி வரை, பெரும்பாலான மாணவர்கள் விடுமுறையில் இருக்கும் காலம். கல்வியாண்டோடு வைத்துப் பார்த்தால் கணக்கே வேறு. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை அந்த ஊர்களில் வெளியே உட்கார்ந்து படிக்கலாம், உதைப்பது ஆகஸ்டும் செப்டம்பரும்தான். தெற்கத்திக் காலேஜ்கள் பல ஆகஸ்ட் நடுவிலேயே திறந்துவிடுகின்றன. கலிஃபோர்னியா யுனிவர்சிட்டியில், செமஸ்டருக்குப் பதில் ஆண்டைக் காலாண்டுகளாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறை வளாகங்களில் வகுப்பு செப்டம்பர் கடைசியில்தான் ஆரம்பிக்கும், அந்த ஆறு வாரம் பெரிய வித்தியாசம்.

அதனால் காலேஜ் பார்க்கப் போனால் மார்ச் மாத வசந்த விடுமுறையில் போகாதீர்கள், அல்லது போனாலும் அதை நம்பாதீர்கள். மார்ச்சில் தெற்கே எல்லா வளாகமும் கல்யாண வீடு மாதிரிதான் இருக்கும். நாங்கள் ஓரிடத்துக்கு வேண்டுமென்றே ஆகஸ்ட் கடைசியில் போனோம். பெயர் வேண்டாம். அவர்கள் புத்தகத்தில் அட்டைப் படமாகப் போட்டிருந்த பெரிய புல்வெளியில் ஒரு ஈ காக்கா இல்லை, எல்லோரும் ஏ.சி. உள்ள கட்டடத்திலிருந்து ஏ.சி. உள்ள கட்டடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். சுற்றிக் காட்டிய பையனிடம் "உன் டார்மில் (விடுதியில்) ஏ.சி. இருக்கா?" என்றேன். "புது டார்ம்களில் இருக்கிறது" என்றான். "முதல் வருடப் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள்?" என்றேன். சிரித்தான், அவ்வளவுதான். கலிஃபோர்னியாக் கடலோரக் காலேஜ்களிலும் பழைய டார்ம்கள் பலவற்றில் ஏ.சி. கிடையாது. வருடத்தில் பத்துப் பதினைந்து நாள்தானே என்பார்கள், அந்தப் பத்துப் பதினைந்து நாள் பிள்ளை புது ஊருக்குப் போய் இறங்கும் நாட்களாகவே இருக்கும். இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வெயில் ஊர்களுக்கு இன்னொரு விலையும் உண்டு: புயல், காட்டுத் தீ. நாம் பனிப்புயலுக்குப் பழகியவர்கள், இவை வேறு மாதிரி. அட்லாண்டிக் சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, அதாவது முதல் செமஸ்டர் கிட்டத்தட்ட முழுக்க. 2017 டிசம்பரில் தாமஸ் என்று பெயரிட்ட காட்டுத் தீயின்போது கலிஃபோர்னியா யுனிவர்சிட்டியின் சான்டா பார்பரா வளாகம் குவார்ட்டர் இறுதித் தேர்வுகளை ஜனவரிக்குத் தள்ளி வைத்தது. இவற்றையெல்லாம் படித்துவிட்டு ஒரு கேள்வியை நிரந்தரமாக வைத்துக்கொண்டோம்: "வளாகத்தைக் காலி செய்யச் சொன்னால், பக்கத்தில் சொந்தக்காரர்கள் இல்லாத பிள்ளைகள் எங்கே போவார்கள்?" பதில் சொல்லும் விதத்திலேயே காலேஜைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும். சில இடங்களில் ஒரு பக்கத் தாளை எடுத்து நீட்டினார்கள், எந்த பஸ், எந்த ஊர், எங்கே தங்கல் என்று. ஓரிடத்தில் "அப்படி எதுவும் இதுவரை தேவைப்படவில்லை" என்றார் ஒரு அம்மையார், புயல் வருடா வருடம் எட்டிப் பார்க்கும் கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு.

நியூ ஆர்லியன்ஸில் இருக்கும் டுலேன் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வானிலையும் கொள்கையும் ஒன்றாக மோதிய இடம் அது. 2005 ஆகஸ்ட் 29-இல் கத்ரீனா வந்தது, அந்த செமஸ்டர் முழுக்க வளாகம் மூடிக் கிடந்தது, 2006 ஜனவரியில்தான் திறந்தார்கள். திறந்தபோது பணமில்லை. சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் போன்ற பொறியியல் துறைகளை மூடினார்கள். அதே நேரத்தில், எந்த இளநிலைப் பட்டம் வாங்கினாலும் பொதுச்சேவை செய்தே ஆக வேண்டும் என்று புது விதி போட்டார்கள், அது இன்றும் இருக்கிறது. துறைகளை மூடியது சரியா தப்பா என்று இன்றைக்கும் சண்டை போடலாம். ஆனால் நெருக்கடியில் எதை விட்டார்கள், எதைப் பிடித்துக்கொண்டார்கள் என்று பார்த்தால், அது எப்படிப்பட்ட இடம் என்று தெரிகிறது. 2021-இல் ஐடா புயல் வந்தபோது மாணவர்களை பஸ்ஸில் ஹூஸ்டனுக்கு அனுப்பிவைத்தார்கள். கேட்டால் 'தேவைப்படவில்லை' என்று சொல்லும் இடத்தைவிட இது எவ்வளவோ மேல்.

சரி, கொள்கை விஷயத்துக்கு வருகிறேன். மகள் முதலில் எழுதிய பட்டியலில் 'எல்லோரையும் அரவணைக்க வேண்டும், சுற்றுச்சூழல் அக்கறை இருக்க வேண்டும், ஒரு சமூகமாக இருக்க வேண்டும்' என்று இருந்தது. நல்ல வார்த்தைகள்தான். ஆனால் எங்கள் வீட்டுத் தபால்பெட்டியில் வந்து விழுந்த அத்தனை காலேஜ் புத்தகங்களிலும் இதே மூன்றும் இருந்தன. இதை வைத்து ஒன்றைக்கூடக் கழிக்க முடியாது. ஆகவே ஒவ்வொன்றுக்கும் 'இது பொய் என்றால் எனக்கு எப்படித் தெரியும்?' என்று எதிர்க்கேள்வி எழுதச் சொன்னேன். எழுதினாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான்.

'சமூகம்' என்பது அவளைப் பொறுத்தவரை கடைசியில் இப்படி ஆனது: வெள்ளிக்கிழமை ராத்திரி குடிக்காதவளுக்கும், ஃபிராட்டர்னிட்டி, சொராரிட்டி என்ற மாணவர், மாணவியர் சங்கங்கள் எதிலும் சேராதவளுக்கும் பேச ஆள் இருக்க வேண்டும். இதைச் சரிபார்க்க முடியும். பெரும்பாலான காலேஜ்கள் ஒவ்வோர் ஆண்டும் 'காமன் டேட்டா செட்' என்று ஒன்றை வெளியிடுகின்றன. காலேஜ் பெயரோடு சேர்த்துத் தேடினால் வந்துவிடும். அதில் எஃப்1 பகுதியில் எத்தனை சதவீதம் பேர் சொராரிட்டியில் சேர்ந்திருக்கிறார்கள், எத்தனை பேர் டார்மில் தங்குகிறார்கள் என்றெல்லாம் இருக்கும். சி7-இல் சேர்க்கையின்போது எதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறார்கள் என்று காலேஜே டிக் அடித்திருக்கும்: பழைய மாணவரின் பிள்ளையா என்று பார்ப்பார்களா, மத ஈடுபாட்டைப் பார்ப்பார்களா என்பது உட்பட. பி பகுதியில் முதல் வருடம் முடித்துத் திரும்பி வருபவர்கள் எத்தனை பேர் என்று இருக்கும். அரவணைப்பு பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, நான்கில் ஒரு பிள்ளை இரண்டாம் வருடம் திரும்பி வரவில்லை என்றால் ஏன் என்று கேட்க வேண்டாமா?

குடி விஷயத்துக்கு, வளாகக் குற்ற விவரங்களை வெளியிடச் சொல்லும் க்ளெரி சட்டப்படி ஒவ்வொரு காலேஜும் ஆண்டுதோறும் அக்டோபர் 1-க்குள் பாதுகாப்பு அறிக்கை வெளியிட வேண்டும். அதில் மது தொடர்பாக எத்தனை பேர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுத்தார்கள் என்ற எண்ணும் உண்டு. எண் அதிகமாக இருந்தால் அங்கே குடி அதிகம் என்றோ, கண்டிப்பு அதிகம் என்றோ இரண்டு விதமாகவும் அர்த்தம் எடுக்கலாம், கவனம். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள், கேள்வி கேட்க வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட எங்களுக்கு அதிகம் உதவியது மாணவர் பத்திரிகை. ஹூஸ்டனின் ரைஸ் யுனிவர்சிட்டியில் 'த்ரெஷர்', டுலேனில் 'ஹல்லபலூ', கலிஃபோர்னியாவின் கிளேர்மான்ட் காலேஜ்களில் 'தி ஸ்டூடன்ட் லைஃப்' என்று எல்லா ஊரிலும் ஒன்று இருக்கிறது, இலவசமாகப் படிக்கலாம். இரண்டு வருடத்துப் பழைய இதழ்களைப் புரட்டினால், எதற்காகச் சண்டை போட்டார்கள், நிர்வாகம் எப்படிப் பதில் சொன்னது, சாப்பாட்டுக் கூடத்து ஊழியர்களின் சம்பளம் யாருக்காவது செய்தியாகப் பட்டதா என்று எல்லாம் தெரிந்துவிடும். டூரில் பின்னோக்கி நடந்துகொண்டே பேசும் பிள்ளைகள் பாவம், அவர்களுக்குக் கொடுத்த வசனத்தைச் சொல்கிறார்கள்.

டூர் முடிந்ததும் மகள் செய்தது ஒன்று, அது அவளுடைய யோசனை, எனக்குத் தைரியம் வந்திருக்காது. சாப்பாட்டுக் கூடத்துக்குத் தனியாகப் போய், தட்டை எடுத்துக்கொண்டு, முன்பின் தெரியாத பிள்ளைகள் இருக்கும் மேஜையில் "உட்காரலாமா?" என்று கேட்டு உட்கார்ந்துவிடுவாள். நாங்கள் இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்து வேறெங்கோ பார்ப்போம். அவள் கேட்கும் கேள்வி: "கடைசியாக இந்தக் காலேஜ் மேல உங்களுக்கு எதுக்குக் கோபம் வந்துச்சு?" ஓரிடத்தில் மூன்று பேருமே பார்க்கிங் என்றார்கள். இன்னோரிடத்தில் ஒரு பெண் ஃபோர்க்கைக் கீழே வைத்துவிட்டு, மாணவர்களைக் கேட்காமல் ஆலோசனை மைய நேரத்தைக் குறைத்துவிட்டதாகச் சொல்ல, பக்கத்திலிருந்தவன் "கேட்டார்கள், நீதான் கூட்டத்துக்கு வரவில்லை" என்று மறுக்க, இரண்டு பேரும் இவளை மறந்துவிட்டு வாதம் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். காருக்குத் திரும்பி வரும்போது "இந்த மாதிரி சண்டை போடுற இடம்தான் எனக்கு வேணும்" என்றாள். பார்க்கிங்குக்காகக் கோபப்படுவது குற்றமில்லை, ஆனால் மனிதருக்கு எதில் கோபம் வருகிறதோ அதில்தான் அவர் மனசு இருக்கிறது.

சைவச் சாப்பாடு என் பட்டியலில் முதலாவது, அவள் பட்டியலில் கடைசி. எல்லா இடத்திலும் சைவம் உண்டு என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு என்ன இருக்கும், நன்றி நவிலும் விடுமுறையில் கூடத்தை மூடினால் டார்மில் சமைக்க அடுப்பு உண்டா என்று கேளுங்கள். அவ்வளவுதான் இதில்.

மதம் சார்ந்த காலேஜ்களை நம்மவர்கள் பெயரைப் பார்த்ததும் ஒதுக்கிவிடுகிறார்கள். நாங்கள் ஒதுக்கவில்லை. கொள்கையை மூடி மறைக்காமல் சொல்பவர்கள் அவர்கள்தான் என்று எனக்கே தோன்றியது. மாலிபுவில் இருக்கும் பெப்பர்டைன், சர்ச்சஸ் ஆஃப் கிறைஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் மரபில் வந்தது, வளாகத்தில் மது கிடையாது என்று நேரடியாகவே சொல்கிறார்கள். டெக்சாஸின் பெய்லர் பாப்டிஸ்ட் காலேஜ், சேப்பல் என்ற வழிபாட்டுக் கூட்டத்துக்குப் போவது அங்கே பட்டத்துக்கான நிபந்தனைகளில் ஒன்று. இயேசு சபையினர் நடத்தும் சான்டா கிளாராவில் சமயம் பற்றிய பாடங்கள் கட்டாயம், ஆனால் கிறிஸ்தவராக இருக்கத் தேவையில்லை, எல்லா மதங்களையும் பற்றிய பாடங்கள் இருக்கின்றன. எந்த அளவு வரை நமக்கு ஒத்துவரும் என்பதைக் குடும்பமாக உட்கார்ந்து பேச இவை நல்ல சாக்கு. மகள் "பாடம் படிக்கிறது சரி, கட்டாய வழிபாடு வேண்டாம்" என்று கோடு போட்டாள். நான் இன்னும் கொஞ்சம் தளர்வாக இருந்திருப்பேன், அந்த மதுவிலக்குக்காகவே.

பொதுக் காலேஜ், அதாவது மாநில அரசின் காலேஜ் என்றால் காலேஜை மட்டும் பார்த்தால் போதாது, மாநிலச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். வெயில் மாநிலங்கள் பலவற்றில் இது சூடான விஷயம், நீங்கள் எந்தப் பக்கம் இருந்தாலும். டெக்சாஸில் 2016 ஆகஸ்ட் 1 முதல் பொதுப் பல்கலைக்கழகங்களில் உரிமம் பெற்றவர்கள் மறைத்து வைத்த கைத்துப்பாக்கியோடு வளாகத்துக்குள் வரலாம். தனியார் காலேஜ்கள் வேண்டாம் என்று விலகிக்கொள்ளலாம், ரைஸ் விலகிக்கொண்டது. ஜார்ஜியாவில் 2017-இலிருந்து இதே போன்ற சட்டம். டெக்சாஸின் எஸ்.பி. 17 சட்டம் 2024 ஜனவரி 1-இல் அமலுக்கு வந்து பொதுப் பல்கலைக்கழகங்களின் பன்முகத்தன்மை அலுவலகங்களை மூடவைத்தது. மகள் ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த நேரம் அது, ஏப்ரலில் அங்கே அந்த வேலைகளில் இருந்த சுமார் 60 பேரை நீக்கினார்கள். அந்த மாற்றம் நல்லது என்று நினைக்கும் குடும்பங்களும் எங்களுக்குத் தெரியும், அவர்களுக்கு ஆஸ்டின் இன்னும் பிடித்துப்போனது. அதே ஏப்ரலில் பல வளாகங்களில் மாணவர் போராட்டங்கள் நடந்தன. எந்த நிர்வாகம் உட்கார்ந்து பேசியது, எது முதல் நாளே போலீஸை அழைத்தது என்று மகள் குறித்து வைத்துக்கொண்டே வந்தாள்.

கொள்கை நடுவழியில் மாறவும் மாறும். ஃபுளோரிடாவின் நியூ காலேஜ், மதிப்பெண்ணுக்குப் பதில் ஆசிரியர்கள் எழுத்தில் மதிப்பீடு தந்துவந்த சின்னப் பொதுக் காலேஜ். 2023 ஜனவரியில் ஆளுநர் ஆறு புது அறங்காவலர்களை நியமித்தார், தலைவர் மாறினார், ஆசிரியர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியேறினார்கள், மாணவர்களும் பலர் போனார்கள். மாசசூசெட்ஸில் இருக்கும் ஹாம்ப்ஷயர் காலேஜ் 'எங்களிடம் வாருங்கள், அதே கட்டணம் கட்டினால் போதும்' என்று அழைத்தது. வெயிலை விட்டுப் பனிக்குப் போயிருக்கிறார்கள் பிள்ளைகள்! ஆகவே சேரும் முன்பே, வெளியேற நேர்ந்தால் கிரெடிட்டுகள் வேறெங்கே செல்லும், ஒரு செமஸ்டர் விடுப்பு எடுத்தால் உதவித்தொகை என்னவாகும் என்று கேட்டு வைத்துக்கொள்வது அபசகுனம் ஒன்றும் இல்லை.

இப்போது பணம். மினசோட்டாவுக்கு விஸ்கான்சினோடும் வடக்கு, தெற்கு டகோட்டாக்களோடும் கட்டண ஒப்பந்தம் இருக்கிறது, அங்கே படித்தால் வெளிமாநிலக் கட்டணம் கிடையாது. எல்லாம் பனி தேசம். மேற்கு மாநிலங்கள் ஒன்றுக்கொன்று தரும் கட்டணச் சலுகைத் திட்டத்தில் மினசோட்டா இல்லை. ஆக, குளிரை விட்டு ஓட எங்களுக்கு ஒரு விலை இருந்தது. கலிஃபோர்னியா யுனிவர்சிட்டியில் வெளிமாநிலத்தவருக்குக் கூடுதல் கட்டணம் மட்டுமே 2024-25 கல்வியாண்டில் 34,000 டாலருக்கு மேல் இருந்தது, அதற்கு நிதியுதவியும் பெரும்பாலும் கிடையாது. டெக்சாஸில் ஒரு நல்ல வழி உண்டு: போட்டியில் கிடைக்கும் உதவித்தொகை குறைந்தது 1,000 டாலர் இருந்தால், அந்தப் பொதுப் பல்கலைக்கழகம் உள்மாநிலக் கட்டணமே வாங்கிக்கொள்ள முடியும். டல்லாஸ் பக்கம் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகமான யு.டி. டல்லாஸில் இப்படிப் படிக்கும் பிள்ளைகள் நிறைய. பெரியப்பா இதைத்தான் சொல்லிக்கொண்டே இருந்தார், அவர் கணக்கு சரிதான்.

தனியார் காலேஜ்களின் விலைப் பட்டியலைப் பார்த்தால் மயக்கம் வரும், ஆண்டுக்கு 90,000 டாலரைத் தொடுகிறது. ஆனால் ஒவ்வொரு காலேஜும் தன் இணையப் பக்கத்தில் 'நெட் பிரைஸ் கால்குலேட்டர்' வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கோடைக்காலத்திலேயே அதில் உங்கள் வருமானத்தைப் போட்டுப் பாருங்கள். பட்டியல் விலை சிறியதாக இருக்கும் இடம் சில நேரம் கையில் பெரியதாக வரும், பெரியது சிறியதாகவும் வரும். அதைப் பார்க்காமல் 'எர்லி டிசிஷன்' போடாதீர்கள், கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டிய ஒப்பந்தம் அது. ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி விசாவில் வேலை பார்ப்பவரின் குடும்பத்துக்கானது) இருக்கும் பிள்ளைகளுக்கு, ஃபாஃப்சா என்ற அரசு நிதியுதவிப் படிவம் வழியாக வரும் அரசு உதவி கிடையாது, வளாகத்தில் சம்பள வேலையும் பார்க்க முடியாது. காலேஜ் தன் சொந்தப் பணத்தில் தருமா, உங்களை வெளிநாட்டு மாணவராகக் கணக்கில் வைக்குமா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும், ஒரு காலேஜ் சொன்னதை இன்னொன்றுக்கு நம்பக் கூடாது.

எங்கள் வருடம் பார்த்து ஃபாஃப்சா வேறு படுத்தி எடுத்தது. புதுப் படிவம் என்று சொல்லி, வழக்கமாக அக்டோபரில் வருவது 2023 டிசம்பர் கடைசியில்தான் திறந்தது, காலேஜ்களுக்குத் தகவல் போய்ச் சேர மார்ச் ஆகிவிட்டது. எங்கே சேருகிறோம் என்று சொல்லவேண்டிய மே 1 கெடுவைப் பல காலேஜ்கள் தள்ளிப் போட்டன. சொந்த நிதியுதவிக்காக சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற இன்னொரு படிவத்தையும் வாங்கும் காலேஜ்கள் அதை வைத்தே ஒரு மதிப்பீட்டைச் சொல்லிவிட்டதால் நாங்கள் பிழைத்தோம்.

கடைசியில் அவள் தேர்ந்தெடுத்தது கிளேர்மான்ட்டில் இருக்கும் பிட்ஸர் காலேஜ். சொந்தத்தில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை, "அது எந்த ரேங்க்?" என்றுதான் முதல் கேள்வி வந்தது. 1963-இல் தொடங்கிய காலேஜ். பக்கத்துப் பக்கத்தில் பொமோனா, ஸ்கிரிப்ஸ், கிளேர்மான்ட் மெக்கென்னா, ஹார்வி மட் என்று இன்னும் நான்கு இருக்கின்றன, ஐந்திலும் வகுப்பு எடுக்கலாம், ஐந்திலும் சாப்பிடலாம். அதாவது சின்ன இடத்தின் நெருக்கமும் உண்டு, அலுத்துப்போனால் போக நான்கு இடமும் உண்டு. அவளைக் கவிழ்த்தது 2014-இல் அவர்கள் நிலக்கரி, எண்ணெய் நிறுவனங்களில் போட்டிருந்த முதலீட்டை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. சுற்றுச்சூழல் அக்கறை என்று எல்லோரும் எழுதுகிறார்கள், பணத்தை நகர்த்தியவர்கள் யார் என்று அவள் தேடியபோது கிடைத்த பெயர்களில் இது ஒன்று. வளாகத்தில் பச்சைப் புல்வெளியைவிடக் கள்ளியும் வறட்சி தாங்கும் செடிகளுமாக இருக்கும், எனக்கு முதலில் ஏதோ பராமரிப்பு இல்லாத இடம் மாதிரிப் பட்டது. ஆசிரியர் நியமனக் குழுக்களில்கூட மாணவர்கள் உட்காருகிறார்கள் என்பது அடுத்தது. சண்டை போட வாய்ப்பு உள்ள இடம் என்று அர்த்தம்.

வெயிலைப் பொறுத்தவரை அவள் கேட்டது கிடைத்தது, கேட்காததும் கிடைத்தது. கிளேர்மான்ட் கடலோரம் இல்லை, உள்ளே தள்ளி மலையடிவாரத்தில் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் படுகையின் ஓசோன் மாசு நாட்டிலேயே மோசமான ஒன்று, செப்டம்பர் கொதிக்கும். அவள் சேர்ந்த சில நாட்களில், 2024 செப்டம்பர் 8-இல், பிரிட்ஜ் தீ பற்றிக்கொண்டு 50,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது, மேலே மவுண்ட் பால்டியில் வீடுகளும் போயின. "அம்மா, வானம் ஆரஞ்சா இருக்கு, பயப்படாதே" என்று வீடியோவில் கூப்பிட்டாள். பயப்படாமல் என்ன செய்வது. அதற்காகவே பெட்டியில் வைத்து அனுப்பிய என்-95 முகக்கவசமும், காற்றுத் தரம் பார்க்கும் செயலியும், ஒரு சின்ன ஏர் ஃபில்ட்டரும் உபயோகப்பட்டன. மேற்கே போகும் பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டைக்குப் பதில் இவற்றை வாங்கிக் கொடுங்கள். குளிர்காலத்தில் அவள் நிலைமை எப்படி என்று கேட்டால், நவம்பரில் ஃபோன் செய்தபோது வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேசினாள், மத்தியானத் தூக்கம் பற்றிப் பேச்சே இல்லை. டாக்டர் சொன்னபடி காலையில் வெளிச்சத்தில் நடக்கிறாளா என்று நான் கேட்பதுதான் இப்போது அவளுக்குத் தொல்லை.

புகார்களும் உண்டு. எல்லோரும் ஒரே மாதிரி யோசிப்பதாக முதல் வருட முடிவில் சொன்னாள், தன் கொள்கைக்கு ஒத்த இடத்தைத் தேடிப் போனால் அதுவும் சேர்ந்தேதான் வரும். இப்போது பக்கத்துக் காலேஜில் பொருளாதார வகுப்பு ஒன்று எடுக்கிறாள், அங்கே வாரம் ஒருமுறையாவது யாராவது இவளோடு முட்டுகிறார்களாம், சந்தோஷமாக இருக்கிறாள்.

அடுத்து சின்னவன் முறை. அவனுக்கு ஐஸ் ஹாக்கி உயிர், வெயில் ஊர் என்றாலே மூக்கைச் சுளிக்கிறான், பட்டியலில் விஸ்கான்சினும் வடக்கு டகோட்டாவும் முதல் இரண்டு இடத்தில். கட்டண ஒப்பந்தம் இருக்கும் மாநிலங்கள் என்பதால் என் கணவருக்கு வாயெல்லாம் பல். காமன் டேட்டா செட்டின் எஃப்1 பகுதியை மட்டும் நான் இப்போதே அச்செடுத்து வைத்துவிட்டேன்.